பால் கணக்கு நோட்டின் பின்பக்கங்கள்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, என் மகள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, மகளிர் தினத்தையொட்டி நடந்த ஒரு விழாவுக்கு அவளையும் அழைத்துப் போயிருந்தேன். மேடையில் பேசியவர் தாய்மையைப் பற்றி மனம் நெகிழ்ந்து பேசினார். தன்னை உருக்கிக்கொண்டு பிறருக்கு வெளிச்சம் தருகிற மெழுகுவர்த்திதான் தாய் என்று அவர் சொன்னபோது அரங்கமே கை தட்டியது. மகள் மட்டும் தட்டவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, என் முழங்கையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தபடியே வந்தாள். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை தாண்டியதும் கேட்டாள்: “அம்மா, நீ எப்பம் உருகுவ?” நான் பதில் யோசிப்பதற்குள் அவளே ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டாள். “வெயில் காலத்துல நீ ஆபீஸ் போவாண்டாம். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல உக்காந்துக்க.”

முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். அன்று இரவு, காலையில் வாங்க வேண்டிய பாலின் அளவைக் குறிக்க நோட்டை எடுத்தபோது, அந்தக் கேள்வி மறந்து போய்விடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. நோட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் மகளின் பென்சிலால் தேதி போட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைத்தேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றுவரை நிற்கவில்லை.

தாய்மை என்றவுடன் தியாகம், தூக்கமின்மை, வலி என்றுதான் நம்மில் பலரும் பேசத் தொடங்குகிறோம். அவையெல்லாம் உண்மைதான், விடியுமுன் எழுந்து அடுப்படியில் நுழைந்து, அலுவலகத்துக்கும் போய் வந்து, இரவு பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் படுக்கிற எனக்கு அவற்றை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தியாகத்தை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டு வளர்கிற ஒரு பிள்ளை, தான் பிறந்ததால்தான் அம்மா தேய்ந்து போகிறாள் என்று நினைத்துக்கொள்ளும் என்பதை அந்தப் பேருந்துப் பயணத்தில் நான் கண்ணாரக் கண்டேன். அவள் என் முழங்கையை அழுத்திப் பார்த்தது விளையாட்டுக்காக இல்லை. நான் இன்னும் கெட்டியாக இருக்கிறேனா என்று சோதித்திருக்கிறாள். பிள்ளைகளால் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம், அவர்களால் எனக்கு வரும் களைப்பைவிடப் பெரியது. அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

அந்த நோட்டிலிருந்து சிலவற்றை இங்கே பகிர்கிறேன். பிள்ளைகள் இருவரிடமும் அனுமதி கேட்டேன். மகன் எல்லாவற்றையும் போடச் சொன்னான். மகள் இரண்டு குறிப்புகளை அடித்துவிட்டாள். அவை இங்கே இல்லை.

மகனுக்கு ஐந்து வயது நடக்கும்போது என் கணவருக்குத் தொழிலில் ஒருவரிடமிருந்து வர வேண்டிய பணம் வராமல் போனது. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சிறிய தொகை அல்ல. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நண்பரிடம் போனில், “நம்பிக் குடுத்தேன், கடைசில அவன் எனக்கு அல்வா குடுத்துட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகன் உள்ளேயிருந்து ஓடிவந்து அவருடைய பையைத் திறந்தான். சாப்பாட்டுத் தூக்கை எடுத்து முகர்ந்து பார்த்தான். பிறகு ஸ்கூட்டரின் இருக்கையைத் திறக்கச் சொல்லி அதற்குள்ளும் தேடினான். எங்கும் இல்லை என்றானதும் அப்பாவின் முன்னால் வந்து நின்று, உதடு பிதுங்க, “அவ்வளவையும் நீங்களே தின்னுட்டேளா?” என்று கேட்டான். பத்து நாளாகச் சிரிக்காத மனிதர் அன்று சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனைக்கூட வைக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்க் கால் கிலோ அல்வா வாங்கி வந்தார். வாழையிலையில் நெய் மினுங்க, ஆவி பறக்க வந்த அந்த அல்வாவை ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து பங்கிட்டுத் தின்றோம். மகன் தன் பங்கில் ஒரு விள்ளலைப் பிய்த்து அப்பாவின் வாயில் வைத்து, “அந்த மாமா குடுத்தத விட இது நல்லாருக்கா?” என்றான். பணம் இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி எங்கள் வீட்டில் மனம் கசந்து பேசுவது அன்றோடு நின்றுவிட்டது.

நம் ஊர்ப் பேச்சே பாதி வேடிக்கைக்குக் காரணமாகிவிடுகிறது. என் தங்கையின் மகன் சென்னையில் வளர்கிறவன். கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது மச்சுப்படியில் தடதடவென்று இறங்கியவனைப் பார்த்து என் அத்தை, “பைய வா மக்கா” என்றார்கள். அவன் உடனே நின்று, மறுபடி மேலே ஏறிப் போய், தன் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்னைவிட வேகமாக இறங்கி வந்து, “கொண்டுவந்துட்டேன் ஆச்சி” என்று நீட்டினான். என் மகள் அவனுக்குப் பொறுமையாக விளக்கினாள்: “பையன்னா மெதுவா. பைன்னாதான் பை.” பையச் சென்றால் வையம் தாங்கும் என்ற பழமொழியை அத்தை அன்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, அவன் ஆட்டோ ஓட்டுநரிடம் “பையப் போங்க அங்கிள்” என்று சொன்னானாம். தங்கை போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் சென்னைக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன. அந்தச் சொல்லை அவளே மறந்திருந்தாளாம்.

நெல்லையப்பர் கோயிலில் சுவாமி சந்நிதிக்கும் காந்திமதி அம்பாள் சந்நிதிக்கும் நடுவே சங்கிலி மண்டபம் என்ற நீண்ட நடை உண்டு. 1647ஆம் ஆண்டில் கட்டியது என்பார்கள். மகள் ஒரு வெள்ளிக்கிழமை அந்த நடையின் பாதியில் நின்றுகொண்டு, “சாமியும் அம்மனும் ஏன் தனித்தனி வீட்டுல இருக்காவ? சண்டையா?” என்று சத்தமாகக் கேட்டாள். நான் அவளை அடக்கப் பார்த்தேன். அத்தை அடக்கவில்லை. “சண்டை போட்டாலும் போட்டுருப்பாவ மக்கா. அதுக்குத்தான் நடுவுல மழை நனையாம வந்து போக வழி வச்சிருக்கு” என்றார்கள். மாமனார் இறந்த பிறகு அத்தை அவ்வளவு இலகுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். ஆகவே அந்தக் குறிப்பை மகளின் பெயரிலும் அத்தையின் பெயரிலும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. உயிரையும் வீட்டையும் ஆடுமாடுகளையும் இழந்தவர்கள் எத்தனையோ பேர். எங்களுக்கு வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததோடு போயிற்று. அரிசி மூட்டையையும் சிலிண்டரையும் மச்சுக்கு ஏற்றிவிட்டு, மின்சாரம் இல்லாமல், போனில் உயிர் இல்லாமல், ஒரே ஒரு பத்தமடைப் பாயில் ஐந்து பேரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று அத்தை நம் ஊர்ப் பெயர் வந்த கதையைச் சொன்னார்கள். வேதசர்மா என்ற ஏழை பக்தர் சுவாமி நைவேத்தியத்துக்காக நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றில் குளிக்கப் போனதையும், திடீரென்று மழை கொட்டியதையும், அவர் பதறி ஓடிவந்து பார்த்தபோது சுற்றிலும் பெருமழை பெய்தும் நெல்லைச் சுற்றி வேலி கட்டியதுபோல் ஒரு சொட்டும் விழாமல் இருந்ததையும் அவர்கள் சொல்லி முடித்தபோது, மகன் எழுந்து நின்றுவிட்டான். அவனுக்கு அப்போது நான்கு வயது. “நெல்லுக்கு வேலி போட்டாருல்லா, நம்ம தெருவுக்கு ஏன் போடல?” என்றான். “கேக்கணும்லா மக்கா, கேட்டாத்தான போடுவாவ” என்றார்கள் அத்தை. அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே மையிருட்டைப் பார்த்து, “நெல்லையப்பா! எங்க தெருவுக்கும் வேலி போடுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினான். சற்று நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எதிர்வீட்டு மாடி இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஏலே, எங்க வீட்டையும் சேத்துப் போடச் சொல்லுல!” அதற்கப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் குரல்: “எங்க மாட்டையும் சொல்லுப்பா!” அந்த இருட்டில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எல்லா வீட்டிலும் ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

தண்ணீர் வடிந்த பிறகு பால் நோட்டு அடுப்படிச் சேற்றிலிருந்து கிடைத்தது. முன்பக்கத்தில் பால்காரர் ஜெல் பேனாவால் எழுதிய கணக்கு முழுதும் நீலமாகக் கரைந்து போயிருந்தது. பின்பக்கத்துப் பென்சில் எழுத்துகள் ஒன்றுகூட அழியவில்லை. வெயிலில் காயவைத்து, தாள் தாளாகப் பிரித்துத் தைத்து வைத்திருக்கிறேன். மண் வாசம் இன்னும் போகவில்லை.

இப்போது கைபேசி இருக்கிறதே, படம் பிடித்துக்கொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள். நானும் பிடித்துப் பார்த்தேன். கைபேசியைத் தூக்கிய அந்த நொடியில் பிள்ளையின் முகம் மாறிவிடுகிறது. அது பேசுவதை நிறுத்திவிட்டு நடிக்கத் தொடங்குகிறது. அதைவிடக் கொடுமை, விருந்தாளி வந்திருக்கும்போது “அன்னைக்குச் சொன்னியே, அத மாமாட்டச் சொல்லு” என்று பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்துவது. ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் என் மகளை அப்படி நிற்க வைத்து, சுற்றியிருந்தவர்கள் சிரித்தபோது, அவள் தன் பாவாடையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பிள்ளையோடு சேர்ந்து சிரிப்பது வேறு, பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது வேறு. பிள்ளைகளுக்கு இந்த வேற்றுமை நம்மைவிட நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்படி கேட்பதில்லை. நோட்டில் இருந்தால் போதும்.

நம் மொழிக்கு இது புதிதும் அல்ல. குழந்தையின் விளையாட்டுக்காகவே பிள்ளைத்தமிழ் என்று தனி இலக்கிய வகையை வைத்து, அதைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடிய மொழி இது. சிறுமியர் கட்டிய மணல் வீட்டை ஓடிப்போய் மிதிப்பதற்கு ஒரு பருவம், பறையைக் கொட்டி முழக்குவதற்கு ஒரு பருவம். என் மகன் எவர்சில்வர் போணியைக் கவிழ்த்து, கரண்டியால் தட்டித் தெருவை எழுப்பும்போதெல்லாம் எனக்குச் சிறுபறைப் பருவம்தான் நினைவுக்கு வருகிறது. கடவுளையும் அரசனையும் குழந்தையாக்கிப் பாடியவர்கள், எந்த வீட்டு அடுப்படியில் இதையெல்லாம் பார்த்திருப்பார்கள்? ஏதோ ஒரு தாய் அதைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். அவளுடைய சிரிப்பு நமக்கு எழுத்தில் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

மகள் இப்போது ஆறாம் வகுப்பு. நோட்டைத் தானே எடுத்துப் படிக்கிறாள். மெழுகுவர்த்திப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்று இரவு பாத்திரம் துலக்க வந்து நின்றாள். மகனுக்கு இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்க வருகிறது. நோட்டில் அக்காவின் பெயர் அதிகமா தன் பெயர் அதிகமா என்று எண்ணிப் பார்த்து, தனக்கு ஏழு குறைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறான். நேற்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே என்னென்னவோ சொல்லிவிட்டு, “எழுதும்மா, எழுதும்மா” என்றான். யோசித்துச் சொல்வதை எழுத மாட்டேன், தன்னை அறியாமல் சொல்வதைத்தான் எழுதுவேன் என்றேன். தட்டில் இருந்த சொதிச் சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் யோசித்தான். பிறகு என்னிடம் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னான்: “சரி, அப்பம் நாளைக்குக் காலையில தெரியாமச் சொல்லுதேன். பென்சில இப்பமே சீவி வச்சிரு.”

கையைக் கழுவிவிட்டு வந்து, தேதி போட்டு, அதைத்தான் எழுதினேன்.