என் ஒப்பம் ஏன் போதாது?

யாழ்ப்பாணத் தமிழரின் காணி, கலியாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றிய சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு சட்டத்தரணி ஐயா சொன்னதற்குக் கைதட்டின சிலர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். “தேசவழமை 300 வருசம் நின்ற சட்டம், நாலு பெண்டுகள் கத்தினால் விழாது.” அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. கத்தவில்லை. மைக்கை வாங்கிக் கேள்விதான் கேட்டேன்.

என் காணியை விற்க என் ஒப்பம் ஏன் போதாது?

நான் திருகோணமலையில் பிறந்தவள். எங்கள் வீட்டில் தேசவழமை என்ற பேச்சே இருந்ததில்லை. யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கட்டினேன், தாலியோடு சட்டமும் ஏறிவிட்டது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான்: தேசவழமைக்கு உட்பட்டவரைக் கட்டினால் மனைவியும் உட்பட்டவள். காணி விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

மகளின் படிப்புக்காக, உவர்மலையில் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித்தந்த காணியில் பாதியை விற்கப் போனேன். நொத்தாரிசு காணி உறுதிப் பத்திரத்தைப் புரட்டினார், அடையாள அட்டையைப் பார்த்தார், அப்புறம் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். “தங்கச்சி, அவர் வரல்லையா?” அவர் கட்டாரில். கடிதம் வந்துசேர இரண்டரை மாதம். வாங்க இருந்தவர் அதற்குள் வேறு காணி பார்த்துவிட்டார்.

என் மனிசன் நல்லவர், அதைப் பிழையாக எடுக்கவேண்டாம். ஆனால் அவர் தன் சாவகச்சேரிக் காணியை விற்றபோது என் ஒப்பத்தை யாரும் கேட்கவில்லை. விற்றதே மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாமே என்கிறீர்கள். அவர் மறுக்கவுமில்லை, கைவிடவுமில்லை, வெயிலில் நின்று உழைக்கிறார். அதற்கு வழக்கா?

அரசியலமைப்பு இருக்கிறதே என்பவர்களுக்கு: 1978 யாப்பின் 12ஆம் உறுப்புரையில் எல்லாரும் சமம். சரி. 16ஆம் உறுப்புரையையும் வாசியுங்கள். இந்த யாப்புக்கு முன்பிருந்த சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் செல்லுமாம்.

“தேசவழமை எங்கள் அடையாளம், தொட்டால் காணி பறிபோகும்” என்கிறீர்கள். திருகோணமலைக்காரிக்குக் காணி பறிபோவதைப் பற்றிப் பாடம் எடுக்க வந்துவிட்டீர்களா? அடையாளம் என்று பிடித்துக்கொண்டிருப்பதை எழுத்தில் வடித்தவர் கிளாஸ் இசாக்ஸ் என்ற ஒல்லாந்தர். முதலியார் பதவியிலிருந்த 12 தமிழ்ப் பிரமுகர்கள் சரி பார்த்து 1707இல் சட்டமானது. பன்னிரண்டு பேரும் ஆம்பிளைகள். பிறகு வெள்ளைக்காரன் 1911இல் மாற்றினான், 1947இல் முற்கொள்வனவு உரிமைக்கு, அதாவது விற்கும் காணியைப் பங்காளிகள் முதலில் வாங்கும் உரிமைக்கு, தனிச்சட்டம் வந்தது. அப்போதெல்லாம் அழியாத அடையாளம் நான் ஒரு ஒப்பம் வைத்தால் அழிந்துவிடுமாக்கும். கரையோரச் சிங்களப் பெண்ணுக்கு 1923இலேயே கிடைத்த உரிமை இது.

என்னைத் தமிழ்ப்பற்று இல்லாதவள் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இடம்பெயர்ந்து ஓடிய நாளில் அம்மா சேலைக்குள் கட்டிக்கொண்டு போனது நகையை இல்லை தம்பி, இந்த உறுதியைத்தான். மடித்த இடத்தில் இன்னும் வியர்வைக் கறை இருக்கிறது.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஐயா பக்கத்தில் வந்தார். கோவிக்கவேண்டாம் என்றார். நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“அவரை ஒருக்கா எனக்குக் கோல் எடுக்கச் சொல்லுங்கோ தங்கச்சி, நான் விளங்கப்படுத்துறன்.”