மூக்கைச் சின்னனாக்க மாட்டேன்

இன்றைக்கும் பத்திரிகைக் கந்தோரிலிருந்து அதே தொலைபேசி. "தம்பி, படம் நல்லாய் இருக்கு. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னனாக்கிவிடும், ஆளைத் தெரியுது." ஆளைத் தெரியத்தானே ஐயா கேலிச்சித்திரம் கீறுவது?

போன கிழமை வேட்டிக் கரையை அழிக்கச் சொன்னார்கள், கட்சி நிறமாம். அதற்கு முதல் கதிரையை. இலங்கையின் வடக்கு மாகாணசபையின் ஆயுள் 2018 இல் முடிந்தது, இன்னும் தேர்தல் இல்லை என்று வெறும் கதிரையில் சிலந்திவலை கீறினேன். "யாரையோ குத்துறீர்" என்கிறார்கள். ஆளே இல்லாத கதிரையில் யாரைக் குத்துவது?

இந்திய இழுவைப் படகு வலையை அறுத்துப்போட, கரையில் குந்தியிருக்கும் மீனவரைக் கீறினால் அயல்நாட்டு உறவு கெடுமாம். அவருடைய வலை கெட்டது யாருக்கும் பெரிதில்லை.

இரவு 11 மணி. மை இன்னும் காயவில்லை. திரும்பவும் தொலைபேசி அடிக்கிறது.