மாமா, அந்த ஆலயக் காட்சி முடியும்வரை உட்காருங்கள்!

நத்தார் இரவில் எல்லாரும் ஒன்றாக இருந்து 'ஹோம் அலோன்' என்ற ஆங்கிலப் படம் பார்ப்பது எங்கள் யாழ்ப்பாணக் குருநகர் வீட்டு வழக்கமாம். குடும்பம் மறந்து விட்டுப்போன கெவின் என்ற சிறுவன், வீட்டுக்குள் புகும் கள்வர் இருவரைத் தனியே பொறி வைத்து விரட்டும் கதை அது. ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒன்றாக இருப்பது உண்மை. பார்ப்பதுதான் பொய். 103 நிமிடப் படத்தை இடத்தைவிட்டு எழாமல், வாயைத் திறக்காமல் ஒருமுறையாவது பார்த்தவர் யாராவது இருந்தால் முன்னே வரட்டும். என் பங்கு கேக்கை அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

1990இல் வந்த படத்தின் கதையை எங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பதில் மாமாவுக்கு என்ன ஆனந்தமோ! கள்வர் இருவரும் மாடிப்படியில் கால் வைக்கும்போதே, "இப்போது பெயின்ட் வாளி வந்து மூஞ்சியில் அடிக்கும்" என்கிறார். அடித்ததும் தான்தான் கயிறு கட்டித் தொங்கவிட்டதுபோல எங்களைச் சுற்றிப் பார்க்கிறார். விழப்போகிறவனை முன்பே காட்டிக்கொடுத்தால் சிரிப்பு எங்கிருந்து வரும்?

பெரியம்மா வேறு ரகம். தொடக்கத்தில் அடுப்படியில் கொக்கிஸ் பலகார டின்னோடு நிற்பார். பாதியில் வந்து அமர்ந்து, "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போனாளே, இவளும் ஒரு தாயா?" என்று தீர்ப்புச் சொல்வார். ஒவ்வொரு நத்தாருக்கும் இதே தீர்ப்பு. இரவு வீசிய காற்றில் மின்கம்பி அறுந்தது பெரியம்மா, அதனால் அலாரம் அடிக்கவில்லை. அவசரத்தில் தலை எண்ணும்போது அயல் வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். மார்கழி மழையில் நாளுக்கொரு தடவை கரண்ட் போகும் ஊரில் இருந்துகொண்டு இதுகூடப் புரியாதா? அந்தத் தாய் பாரிஸிலிருந்து திரும்பி, விமானம் கிடைக்காமல், முன்பின் தெரியாத இசைக்குழுவின் வாகனத்தில் தொற்றிக்கொண்டல்லவா வீடு சேர்கிறாள்! அப்போது மட்டும் பெரியம்மா கொட்டாவி விடுகிறார்.

நடுவில் கனடா அழைப்பு. இங்கே இரவு ஏழரை என்றால் டொரண்டோவில் காலை ஒன்பது. சரியாக அந்த நேரத்தில்தான் அங்குள்ளவர்கள் எழும்பி, ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியைக் காட்டுவார்கள். தொலைக்காட்சியிலும் பனி, தொலைபேசியிலும் பனி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எனக்குத்தான் ஏச்சு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆலயக் காட்சி வந்ததும் எல்லாரும் எழுந்து போகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "அடிபாடு தொடங்கினால் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தொலைக்காட்சிக்காரனும் அந்த இடத்தில்தான் நகைக்கடையையும் சவர்க்காரத்தையும் கொண்டுவந்து திணிக்கிறான். பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி எனக்கு உத்தரவு வருவதும் அப்போதுதான்.

கொலைகாரன் என்று பிள்ளைகள் கதை கட்டிய மார்லிக் கிழவர் அங்கேதான் கெவினுக்குப் பக்கத்தில் வந்து அமர்கிறார். மகனோடு பேச்சுவார்த்தை இல்லாததால், பாடகர் குழுவில் பாடும் பேத்தியைத் தூர இருந்தாவது பார்க்க வந்திருக்கிறார். ஒரு தடவை பேசித்தான் பாருங்களேன் என்று அந்தச் சின்னப் பையன் சொல்கிறான். அடியும் இல்லை, உதையும் இல்லை. படத்தைத் தாங்கி நிற்பதே அந்தச் சில நிமிடங்கள்தான். அதைத் தவறவிட்டுவிட்டு, கடைசியில் மார்லி தன் பேத்தியைக் கட்டியணைக்கும்போது "இந்தக் கிழவர் யார்?" என்று என்னையே கேட்கிறார்கள். முதல்நாள் நள்ளிரவுப் பூசையில் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தவர்கள்!

முதலில் எழுந்து போகிறவர் மாமாதான். எல்லைவேலிச் சண்டைக்குப் பிறகு சொந்தத் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசாதவர் அவர். நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த நத்தாருக்குப் படம் பென்டிரைவில் வரும், விளம்பரத்துக்கு இடமில்லை. பலகாரத் தட்டுகள் மாலை ஐந்து மணிக்கே வீடுவீடாகப் போய்விடும். கனடாக்காரர்கள் படம் முடிந்த பிறகு எடுக்கட்டும். மாமாவின் கதிரையைச் சுவரோரம் போட்டு, இரண்டு பக்கமும் பெரியம்மாவையும் மாமியையும் இருத்தப்போகிறேன். எழுந்து போகட்டும் பார்க்கலாம்.