சத்தத்தைக் குறைத்தால் பாலையா தெரிகிறார்

போன வாரம் ஹெட்போனை வீட்டிலேயே மறந்துவிட்டு மெட்ரோ ஏறிவிட்டேன். நங்கநல்லூரிலிருந்து ஆயிரம் விளக்கு வரைக்கும் எப்படிப் பொழுதை ஓட்டுவது? போனைத் தள்ளிக்கொண்டே இருந்ததில் ‘காதலிக்க நேரமில்லை’யில் மகன் நாகேஷ் அப்பா டி.எஸ். பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி வந்து நின்றது. நூறு தடவை பார்த்தது, சத்தம்கூட மனப்பாடம், சரி ஓடட்டும் என்று மியூட்டிலேயே விட்டேன்.

நாகேஷின் குரல் போய்விட்டதா, கண்ணுக்கு வேறு வேலை இல்லை, பாலையாவிடம் போய் ஒட்டிக்கொண்டது. மகன் ஏதோ சினிமா எடுக்கிறேன் என்று உளறுகிறான், கேட்டுத் தொலைப்போம் என்கிற அப்பாவாகத்தான் மனுஷன் உட்கார்கிறார். அப்புறம் அந்த அலட்சியம் எப்போது கழன்றது என்றே தெரியவில்லை. கண் மெல்ல விரிகிறது, உடம்பு நாற்காலிக்குள்ளேயே சுருங்குகிறது, மகன் பக்கம் திரும்பலாமா வேண்டாமா என்று கழுத்து தயங்குகிறது. தேனாம்பேட்டை வந்ததே தெரியவில்லை எனக்கு. பக்கத்து சீட்டுக்காரர் என் போனை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், அவருக்கும் சத்தம் இல்லை!

1964-லிருந்து இதை ‘நாகேஷ் காமெடி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என்னைக் கேட்டால் அது பாலையா காட்சி. நாகேஷ் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கேட்கிறவர் பயப்படாவிட்டால் சொல்கிறவர் செய்வது வெறும் மிமிக்ரி, அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே ‘திருவிளையாடல்’ போட்டேன். ‘ஒரு நாள் போதுமா’வுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா, சரி, அந்தத் திமிருக்கு முகம் யாருடையது? அதைவிட எனக்குப் பிடித்தது பின்னால் வருவது. திண்ணையில் கேட்ட ‘பாட்டும் நானே’வுக்குப் பிறகு, பாடியது ஒரு விறகுக்காரன், அதுவும் தன்னோடு போட்டிக்கு நிற்கும் பாணபத்திரர் வேண்டாமென்று தள்ளிய ஆள் என்று தெரியவரும்போது ஹேமநாத பாகவதராக வரும் பாலையா ஆடிப்போகிறாரே, அது. கைதட்டலெல்லாம் விறகுக்காரனாக வந்த சிவனான சிவாஜிக்குப் போய்விட்டது. எதிரே நிற்பவர் முழுசாகத் தோற்றுக் காட்டாவிட்டால் சிவன் ஜெயித்ததை யார் நம்புவார்கள்?

‘தில்லானா மோகனாம்பாள்’ இன்னும் மோசம், அதாவது நம் கவனம் மோசம். ‘நலந்தானா’வில் சிவாஜியையும் பத்மினியையும் விட்டுவிட்டு தவில்காரர் பாலையாவை மட்டும் பாருங்கள். வாய் திறக்காமல் கலங்குகிறார். 1936-ல் ‘சதிலீலாவதி’யில் எம்.ஜி.ஆரோடு சேர்ந்து அறிமுகமாகி, பல வருஷம் வில்லனாக மிரட்டிய ஆள் இவர்.

இப்போதெல்லாம் கேட்பவர் முகம் என்றால் ஒரு குளோசப், பின்னால் ஒரு வயலின். நடிகருக்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது? கோபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கோபமாகத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ‘பாமா விஜய’த்தை மியூட்டில் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அடுப்படியிலிருந்து அம்மா: “டிவி ரிப்பேராடா? இல்ல உனக்கா?”