தாத்தாவின் சிகரெட் அட்டைகளை கிரேடிங்குக்கு அனுப்பாதீர்கள்

டர்பனில் பழைய அட்டை சேர்க்கும் நம் ஆட்கள் பலர் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தாத்தா வைத்திருந்த சிகரெட் அட்டைகளை அமெரிக்காவுக்கு கிரேடிங்குக்கு அனுப்பலாமா?" சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த பட அட்டைகளைத்தான் சொல்கிறேன். கிரேடிங் என்றால், ஒரு நிறுவனம் அட்டை அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மூடித் தருவது. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன். அனுப்பாதீர்கள். விற்பதென்று முடிவு செய்துவிட்டீர்கள், அட்டை கெட்டியாக இருக்கிறது, விலையும் நல்ல விலை என்றால் யோசிக்கலாம். மற்றவை வீட்டிலேயே இருக்கட்டும்.

காரணம் சொல்கிறேன். இன்று பிள்ளைகள் வாங்கும் போகிமான் அட்டையோ புது கிரிக்கெட் அட்டையோ மேல்பூச்சுப் போட்ட, விறைப்பான அட்டை. பழைய சிகரெட் அட்டை அப்படியல்ல. பாக்கெட் நசுங்காமல் நிற்க உள்ளே வைத்த சின்னத் துண்டில்தான் பிற்பாடு படம் அச்சிட ஆரம்பித்தார்கள். எண்பது, நூறு வருடம் தாண்டிய காகிதம் அது. மூலைகள் ஏற்கெனவே மென்மையாகியிருக்கும், அடுக்குகள் பிரியத் தயாராக இருக்கும். 1880-களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த ஓல்ட் ஜட்ஜ் என்ற சிகரெட்டின் அட்டைகள் இன்னும் மோசம். அவை அட்டைமேல் ஒட்டிய உண்மையான புகைப்படங்கள். ஓரம் லேசாகத் தட்டினாலே படம் பிரிய வாய்ப்பு உண்டு.

அதோடு நம் டர்பன் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் வீட்டுக்குள் இருக்கும் ஈரம் நமக்கே தெரியும். காகிதம் ஈரத்தைக் குடித்து வளையும், வறண்ட இடத்துக்குப் போனால் இன்னொரு விதமாக வளையும். 1930-களில் வந்த பல அட்டைகளின் பின்பக்கம் ஆல்பத்தில் ஒட்டுவதற்காகப் பசை தடவியிருந்தார்கள். ஈரம் பட்டால் அது பக்கத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும். இராமபாணப் பூச்சிக்கும் அந்தப் பசை பிடிக்கும்.

இப்படிப்பட்ட ஒரு அட்டை கிரேடிங்குக்குப் போனால் என்ன நடக்கும்? முதலில் நீங்கள் அதை ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் நுழைக்கிறீர்கள். அப்புறம் கார்டு சேவர் என்ற அரை விறைப்பான உறைக்குள். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது ஏறக்குறைய 64க்கு 89 மில்லிமீட்டர் அட்டைக்கான உறை. பழைய பிரிட்டிஷ் சிகரெட் அட்டை 36க்கு 68தான். பெரிய உறையில் சின்ன அட்டை ஆடிக்கொண்டே போகும், மூலை இடிபடும். இறுக்கமான உறை என்றால் நுழைக்கும்போதே மூலை மடங்கும். பிறகு கூரியர், சுங்கம், நம்மூர் இடைத்தரகர் ஒருவர் இருந்தால் அவர் கை. நிறுவனத்தில் பொட்டலம் பிரிப்பவர் ஒருவர், அட்டையை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பவர் இன்னொருவர். தேய்ந்த ஓரத்தை மறைக்க யாராவது வெட்டியிருக்கிறார்களா என்று தெரிய அளந்தும் பார்ப்பார்கள். கடைசியாக ஸ்லாப் எனப்படும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, அல்ட்ராசோனிக் முறையில் ஒட்டி மூடுவார்கள். உறையிலிருந்து ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும், உள்ளே போகும்போதும் அந்த நான்கு மூலைகளுக்கும் ஆபத்துதான். அந்தக் கைகள் திறமையான கைகளாகவே இருக்கட்டும். ஒரு நாளில் அவற்றைக் கடக்கும் அட்டைகளோ ஏராளம். 2021-ல் குவிந்துபோன அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ என்ற பெரிய அமெரிக்க கிரேடிங் நிறுவனமே பெரும்பாலான சேவைகளைச் சில மாதம் நிறுத்தி வைத்தது நினைவிருக்கலாம்.

இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் 1938-ல் பிளேயர்ஸ் சிகரெட் நிறுவனம் வெளியிட்ட 50 கிரிக்கெட் வீரர் அட்டைகளில் பிராட்மன் அட்டை இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த அவர் தாத்தாவுக்குக் கப்பல்காரர் ஒருவர் கொடுத்தது. கிரேடிங் முடிந்து வந்தபோது மேல் மூலையில் ஒரு மடிப்புக் கோடு. "எங்களிடம் வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்று பதில் வந்தது. அண்ணனிடம் இருந்ததோ முன்பக்கத்தை எடுத்த மங்கலான ஒரே ஒரு போன் படம். அதை வைத்து யாரிடம் வாதாடுவது? பணம் பெரிதில்லை என்றார். தாத்தாவின் கை பட்ட பொருள் என்பதுதான் அவருக்கு வலி. அந்த வலி எனக்கும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்லாப் அட்டையைப் பாதுகாக்கிறது, போலியைத் தடுக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். வாங்குபவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் பெட்டிமேல் அச்சிட்ட எண் ஒரு மனிதர் சொன்ன கருத்துதான். பிஎஸ்ஏ முதன்முதலாக கிரேடிங் செய்தது, டி206 என்ற வரிசையில் வந்த பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற சிகரெட் அட்டை. அதற்குப் பத்துக்கு 8 கொடுத்தார்கள். அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் ஒப்புக்கொண்டார். அசலா நகலா என்ற சந்தேகம்தான் என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளை நிறத்தைக் கூட்டும் ரசாயனங்களைக் காகிதத்தில் பரவலாகச் சேர்க்க ஆரம்பித்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டும்போது பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அது போருக்கு முந்தைய காகிதம் இல்லை என்று சந்தேகப்படலாம். ஒளிராததாலேயே அசல் என்று ஆகிவிடாது, ஆனாலும் பல நகல்கள் இங்கேயே மாட்டிக்கொள்ளும். இந்தச் சோதனைக்கு அட்டையைத் தொடவே வேண்டாம்.

செலவும் இருக்கிறது. கட்டணம், இருவழிக் கூரியர், காப்பீடு எல்லாம் டாலரில், நாம் கொடுப்பது ராண்டில். யுனைடெட் டொபாக்கோ நம் நாட்டில் ஆங்கிலத்திலும் ஆப்பிரிக்கான்ஸிலும் வெளியிட்ட பறவை, பூ அட்டைகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டணத்துக்கே விலை போகாது.

இதையெல்லாம் கேட்ட பிறகும் அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால், அனுப்புமுன் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யுங்கள். சாய்வான வெளிச்சத்திலும் படமெடுங்கள், மடிப்புக் கோடுகள் அதில்தான் தெரியும். அறிவிக்கும் மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள், சேதமானால் பேச்சு அந்தத் தொகையில்தான் தொடங்கும். நிபந்தனைகளில் சேதப் பொறுப்பு பற்றிய பகுதியை முழுதும் படியுங்கள். ஸ்லாப்பை உடைத்து வேறு நிறுவனத்துக்கு மறுபடி அனுப்பும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். உடையும் பிளாஸ்டிக் விளிம்பு அட்டையைக் கீறிவிடும்.

வீட்டில் வைப்பவர்கள் பிவிசி உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அட்டையின் அளவுக்கே செய்த பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ஆல்பத்தில் ஒட்டியிருப்பதைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்கலாம் என்று யாராவது சொன்னால், உரிக்குமுன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் ஆல்பத்தோடு வந்தால் என் ஸ்கேனரில் ஒவ்வொரு பக்கமாக எடுத்துத் தருகிறேன். காசு வேண்டாம்.