பாஸ்போர்ட் பாடம் நடத்தாது

வியாழக்கிழமை மீட்டிங்கில் என் ஸ்பீக்கிங் வகுப்பை எடுத்து, புதிதாக வந்த வெள்ளைக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை அன்றைக்கே எழுதிவிட்டேன், மறுபடி விரிவாகச் சொல்லப் போவதில்லை. இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாதது அந்த மீட்டிங்கூட இல்லை, அந்தப் பதிவுக்குக் கீழே நம் ஊர்க்காரர்கள் எழுதியது. "ஸ்பீக்கிங் வகுப்பை வெள்ளைக்காரருக்குக் கொடுப்பதுதானே மேடம் முறை, அது அவங்க மொழி." ஒருவர் இல்லை, ஏழெட்டுப் பேர்.

சரி, பேசுவோம்.

ஓமானில் பதினோரு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி முடித்து வரும் பிள்ளைகளுக்கு டிகிரிக்கு முன்னால் வைக்கும் பவுண்டேஷன் வகுப்பு. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். அதில் வரும் முதல் 'ப' அரபியில் கிடையாது, இரண்டாவது 'ப' மட்டும்தான் உண்டு. அதனால் ஆங்கிலத்தில் கார் நிறுத்துவதும் நாய் குரைப்பதும் அவர்கள் வாயில் ஒரே சொல்லாக வரும். நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து, அந்த இரண்டு சொல்லை இங்கே தமிழில் பிரித்து எழுதிக் காட்டக்கூட முடியாது. அதைத்தான் சொல்ல வருகிறேன், அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இதற்கு ஒரு பயிற்சி உண்டு. டிஷ்யூ தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துச் சொன்னால், ஆங்கிலேயர் சொல்லும் 'ப'வுக்குத் தாள் படபடவென்று அடிக்கும். முதல் வருடம் நான் சொன்னபோது தாள் அசையவே இல்லை. நம் 'ப'வில் அவ்வளவு காற்று வராது. ராத்திரி குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டு, அப்புறம்தான் அதை வகுப்புக்கு எடுத்துப் போனேன். பிறந்ததிலிருந்தே அந்த ஒலி வாயில் இருப்பவர் அதில் காற்று வருகிறதா என்று எதற்கு யோசிக்கப் போகிறார்? பாஸ்போர்ட் பாடம் நடத்தாது.

'அவள் மாணவி' என்பது அரபியில் 'ஹிய தாலிபா'. நம்மைப் போலவே இரண்டே சொல், நடுவில் ஒன்றும் இல்லை. அதனால்தான் ஆங்கிலத்தில் நடுவில் வரவேண்டிய 'இஸ்'ஸை விடுகிறார்கள். என் மொழியிலும் இப்படித்தான் என்று சொன்ன அன்று வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

நம் ஆட்கள் எல்லாரும் நன்றாக நடத்துகிறார்களா என்றால் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். புதிதாக வந்திருக்கும் பையன் மேலும் எனக்குக் கோபமில்லை, மரியாதையானவன். ஆனால் அவன் வகுப்பறைக்குள் நுழைவதே இதுதான் முதல் தடவை, சம்பளம் மட்டும் என்னைவிட அதிகம். உச்சரிப்பு என்கிறீர்கள். இந்தப் பிள்ளைகள் நாளை சோஹார் துறைமுகத்திலோ மஸ்கட் ஆஸ்பத்திரியிலோ வேலைக்குப் போனால் மலையாளியோடும் பிலிப்பினோவோடும்தான் நாள் முழுக்க ஆங்கிலம் பேசப் போகிறார்கள்.

"பிடிக்கவில்லை என்றால் ஊருக்கு வந்துவிடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். அப்பா போனபோது இங்கே தேர்வு வாரம். மூன்றாம் நாள்தான் என்னால் வர முடிந்தது, முகம் பார்க்கவில்லை. திரும்பி வந்த அன்று நான்கு மாணவிகள் பேரீச்சம்பழமும் பிளாஸ்க்கில் கஹ்வா என்கிற அரபுக் காபியும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்கள். 1970இல் இந்த நாடு முழுக்க மூன்றே பள்ளிகள்தான். இவர்களின் பாட்டிமார் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை, வீட்டில் ஆங்கிலத்தைத் திருத்த ஆள் கிடையாது. வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அப்பா நல்ல இடத்தில் இருக்கிறார் மிஸ் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நிறுத்தி நிறுத்தி, அந்த 'இஸ்'ஸை விடாமல் சொன்னாள். அதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நாளை ஞாயிறு, இங்கே வாரத்தின் முதல் வேலைநாள். எட்டு மணிக்கு அந்த வகுப்பு, அட்டவணையில் என் பெயர் இல்லை. டிஷ்யூ பெட்டி இன்னும் அந்த மேசை டிராயரில்தான் இருக்கிறது.