போனுக்கென்று தனி டிஸ்ப்ளே சர்வர் தேவைப்பட்டதா?

லினக்ஸ் போன் பற்றிப் பேச்சு வந்தாலே, "எக்ஸ்11 நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதை எதுக்குத் தூக்கினாங்க?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். போன வாரமும் ஒரு நண்பர் கேட்டார். ஆப்கள் வரைவதைத் திரையில் காட்டி, கீபோர்டையும் தொடுதலையும் ஆப்களிடம் கொண்டுசேர்க்கும் மென்பொருள்தான் டிஸ்ப்ளே சர்வர். எக்ஸ்11, சுருக்கமாக எக்ஸ், அப்படி ஒன்று. லினக்ஸ் போன்களில் அதன் இடத்துக்கு வந்தது வேலேண்ட். இரண்டு வரியில் பதில் சொல்ல மனசு வரவில்லை. இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் லினக்ஸ் போட்டு, எக்ஸ்11 மேல் ஓடும் சின்ன இடைமுகம் ஒன்றோடு சில மாதம் வைத்திருந்தேன். ஒரு நாள் டீக்கடையில் நிற்கும்போது அழைப்பு வந்தது. பையிலிருந்து எடுத்தால், பூட்டுத்திரை ஒரு தடவை மின்னிவிட்டு மறைந்துபோனது. கடவு எண் கேட்கவே இல்லை. காலையில் திறந்து வைத்திருந்த மெசேஜ் அப்படியே முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர் பார்த்தாரோ இல்லையோ, எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அதை அந்த ஒரு ஆப்பின் பிழை என்று தள்ளிவிட முடியாது. எக்ஸைப் பொறுத்தவரை பூட்டுத்திரையும் ஒரு ஜன்னல்தான். மற்றவற்றுக்கு மேலே ஏறி, கீபோர்டையும் தொடுதலையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது விழுந்தால் கீழே இருப்பது வெளியே வந்துவிடும். ஒரு ஆப்பில் தட்டும் எழுத்தை இன்னொரு ஆப் ஒட்டுக்கேட்கவும் முடியும். 1984ல் எம்ஐடியில் பிறந்தது எக்ஸ். ஒருவரை ஒருவர் நம்பும் ஒரு வளாகத்துக்கு அது போதும். வங்கிக் கணக்கிலிருந்து குடும்பப் படம் வரை வைத்திருக்கும் போனுக்குப் போதாது.

வேகமும் ஒரு காரணம். ஆப் வரைந்ததை எக்ஸ் வாங்கி, எல்லா ஜன்னல்களையும் ஒரே திரையாகக் கோக்கும் காம்பாசிட்டர் என்ற நிரலிடம் கொடுக்கும். அது கோத்து மறுபடி எக்ஸிடமே கொடுக்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் இந்த அலைச்சல். 2009ல் வந்த நோக்கியா என்900ல் 256 எம்பி ரேம்தான், அதுவும் எக்ஸில்தான் ஓடியது. 2011ல் வந்த என்9ம் எக்ஸ்தான். அதன் ஸ்வைப் இன்றைக்கும் கண்ணில் நிற்கிற அழகு. எக்ஸை வைத்தும் நல்ல போன் செய்தார்கள் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆக, மாற்றியது சரி. எப்படி மாற்றினார்கள் என்பதில்தான் எனக்கு ஆதங்கம்.

கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்ற நிரலாளர் 2008லேயே வேலேண்டைத் தொடங்கிவிட்டார். 2012 அக்டோபரில் 1.0 வந்தது. வேலேண்ட் என்பது ஆப்பும் காம்பாசிட்டரும் பேசிக்கொள்ளும் மொழி. நடுவில் தனி சர்வர் கிடையாது, காம்பாசிட்டரே சர்வர். பலர் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த அந்தப் பாதை கண்முன்னே இருக்கும்போது, 2013 மார்ச்சில் உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 'மிர்' என்று தனியாக ஒரு டிஸ்ப்ளே சர்வரை அறிவித்தது. போனுக்கான உபுண்டுவான உபுண்டு டச்சின் முதல் முன்னோட்டம் அதற்கு முந்தைய மாதம்தான் வந்திருந்தது, ஆண்ட்ராய்டின் காம்பாசிட்டரான சர்ஃபேஸ்ஃப்ளிங்கரை வைத்துக்கொண்டு. வேலேண்ட் ஏன் வேண்டாம் என்று கனோனிக்கல் எழுதிய காரணங்களில் சில தவறு என்று வேலேண்ட் ஆட்கள் உடனே எடுத்துக்காட்ட, அவற்றைத் திருத்தவும் வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் எக்ஸ் ஆப்களை மிர் மேல் ஓட்டும் எக்ஸ்மிருக்கான ஆதரவைத் தன் கிராபிக்ஸ் டிரைவரிலிருந்து இன்டெல் எடுத்துவிட்டது.

ஆண்ட்ராய்டு டிரைவர்கள் மேல் ஓட வேண்டும் என்பதும் மிர்ருக்கு அப்போது பேசப்பட்ட ஒரு காரணம். உண்மையிலேயே கஷ்டமான காரியம் அது. போன் சிப்களின் ஜிபியு டிரைவர்கள் ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் நூலகமான பயோனிக்குக்கென்றே கட்டப்பட்டவை, சாதாரண லினக்ஸின் அதே மாதிரி நூலகமான ஜிலிப்சியோடு ஒட்டாது. கார்ஸ்டன் மங்க் என்ற நிரலாளர் எழுதிய லிப்ஹைப்ரிஸ்தான் இரண்டுக்கும் பாலம் போட்டது. உபுண்டு டச்சும் அதைத்தான் எடுத்துக்கொண்டது. அதே பாலத்தின் மேல் வேலேண்டையும் ஓட்டலாம் என்று 2013லேயே அவர் செய்து காட்டினார். அந்த நவம்பரில் யொல்லா போன் வேலேண்டோடு விற்பனைக்கு வந்துவிட்டது. நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் பின்லாந்தில் தொடங்கிய சின்ன நிறுவனம் அது. அவர்களால் முடிந்தது.

மிர் வைத்த முதல் உபுண்டு போன், பிக்யூ அக்வாரிஸ் இ4.5, வர 2015 பிப்ரவரி ஆனது. 2017 ஏப்ரலில் கனோனிக்கல் போனையே கைவிட்டது. உபுண்டு டச்சை எடுத்து வளர்த்தவர்கள் யுபிபோர்ட்ஸ் என்ற குழுவின் தன்னார்வலர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து நிரல் எழுதியவர்கள் தலையில், ஆப் மிர்ரோடு பேசும், வெளியே பெரும்பாலான ஆப்களுக்குத் தெரியாத மிர்கிளையன்ட் மொழி வந்து விழுந்தது. டெஸ்க்டாப் ஆப் ஒன்றை ஓட்ட எக்ஸ்மிர் வழியாகச் சுற்றிவர வேண்டும். மிர் குழுவுக்கும் ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். அவர்கள் பிடிவாதம் பிடிக்காமல் மிர்ரையே வேலேண்ட் பேசும் காம்பாசிட்டராக மாற்றினார்கள். 2020ல் வந்த மிர் 2.0ல் பழைய மிர்கிளையன்ட் இல்லவே இல்லை. ஆனால் கையில் இருக்கும் பழைய போன்களைக் கெடுக்காமல் அந்தப் பக்கம் நகர்வது லேசான வேலை இல்லை. முதலிலேயே வேலேண்டில் இறங்கியிருந்தால் அந்த உழைப்பு கேமராவுக்கும் பேட்டரிக்கும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பொதுமொழி வந்ததால் என்ன கிடைத்தது என்பதற்கு வேய்ட்ராய்டைப் பாருங்கள். ஒரு கன்டெய்னருக்குள் ஆண்ட்ராய்டை ஓட்டி, அதன் ஆப்களை வேலேண்ட் ஜன்னல்களாகக் காட்டுகிறது. ஃபாஷ், பிளாஸ்மா மொபைல், லொமிரி என்ற மூன்று லினக்ஸ் போன் இடைமுகங்களின் அடியிலும் வேறுவேறு காம்பாசிட்டர்கள்தான். வேய்ட்ராய்டு மூன்றிலும் ஓடும்.

வேலேண்டில் எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். திரை விசைப்பலகை இன்னும் வலிக்கிறது. விசைப்பலகை எழுத்தை ஆப்புக்குச் சேர்க்கும் டெக்ஸ்ட்-இன்புட் புரோட்டோகாலில் (பேசும் விதிமுறையில்) மூன்று பதிப்புகள் உண்டு. ஆப் கட்டப் பயன்படும் கருவித்தொகுப்புகளில் ஜிடிகே மூன்றாவதைப் பேசியபோது க்யூட்5 இரண்டாவதைப் பேசியது. காம்பாசிட்டருக்கு ஆப் பேசும் பதிப்பு தெரியாவிட்டால், பெட்டியைத் தொட்டாலும் விசைப்பலகை எழும்பாது. தமிழ் தட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 'கொ' எழுத, முன்னால் விழுந்த எழுத்தை விசைப்பலகை திரும்பப் போய் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செய்தி ஆப்புக்குப் போய்ச் சேர்வதும் இந்தப் புரோட்டோகால் வழியாகத்தான்.

நேற்று ராத்திரி என் போனில் தமிழில் ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன். இரண்டு ஆப்பில் விசைப்பலகை எழும்பியது, மூன்றாவதில் எழவில்லை. பிழையைப் பதிந்திருக்கிறேன். லினக்ஸ் போன் வைத்திருக்கும் யாராவது கூடச் சேர்ந்து சோதிக்க முடிந்தால் சொல்லுங்கள், என்னென்ன செய்ய வேண்டும் என்று கமெண்டில் போடுகிறேன்.